புது வெர்ஷன் வந்தால் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது

எங்கள் ஆபீஸில் ரிலீஸ் நாள் என்றால் எனக்குக் காலை நாலரைக்கே தூக்கம் கலைந்துவிடும். பதின்மூன்று வருடமாக இப்படித்தான். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்து கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். மளிகைக் கடை, மருந்துக் கடை, பாத்திரக் கடை, சின்ன ஜவுளிக் கடை எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. சப்போர்ட் போன் எடுக்கும் வேலையில்தான் சேர்ந்தேன். இப்போது ஒவ்வொரு புது வெர்ஷனையும் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. டெவலப்பர்கள் மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது, ஒரு கடையின் கல்லாவில் முதல் பில்லாக வெளியே வருவதை நேரில் பார்க்கக் கிடைக்கிற வேலை. இதை விட்டுப் போக எனக்கு மனம் வந்ததே இல்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் சில மாதத்திலேயே வாடிப்போய் வந்து கேட்பார்கள். "அக்கா, இவ்ளோ பண்ணியிருக்கோம், கடையில யாருமே கண்டுக்க மாட்டேங்கறாங்களே?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்பது வேறாக இருக்கலாம். ஆனால் தான் செய்த பொருள் மீது ஆசை வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

கடைக்காரர் ஏன் கண்டுகொள்வதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் புதுசு என்றால் சந்தோஷம். அவருக்குப் புதுசு என்றால், வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது பட்டன் இடம் மாறிப்போய்த் தேடுவது. முன்பு எப்போதோ யாரோ அப்டேட் செய்து ஒரு நாள் முழுக்கக் கையால் பில் எழுதியது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. அந்தப் பயம் நியாயமானது. நம் உற்சாகத்தை அதன் மேல் கொட்டினால் பயம் கூடத்தான் செய்யும்.

முதலில் நீங்கள் பில் போடுங்கள்

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 4 ஜிபி ரேம். கடைகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான் இருக்கும். ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு அதன் முன்னால் உட்காருவேன். கையில் நிஜமான மளிகை லிஸ்ட் ஒன்று. எங்கள் வீட்டு லிஸ்ட்டேதான்: துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரைக் கிலோ, கொத்தமல்லி நூறு கிராம் என்று முப்பது அயிட்டம். நின்றுகொண்டே பில் போடுவேன், கடையில் நின்றுகொண்டுதானே போடுகிறார்கள். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து நடுவில் பேசச் சொல்வேன். "அந்த சோப்பு வேணாம், வேற குடுங்க." "பாதி ஜிபே, பாதி கேஷ்." "நேத்து வாங்கினத திருப்பித் தரணும்."

இப்படி நாலு பில் போட்டால், டெஸ்டிங்கில் சிக்காத ஏதோ ஒன்று சிக்கும். ஒருமுறை ஒரு புதுத் திரையில், தள்ளுபடி போட மட்டும் கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாம் சரியாக வேலை செய்ததால் டெஸ்டிங்கில் யாரும் அதைத் தப்பு என்று குறிக்கவில்லை. ஆனால் வேகமாக பில் போடும் கை மவுஸைத் தேடினால் அது கடைக்கு ஆகாது. டெவலப்பரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்க வைத்தேன். மூன்றாவது பில்லில் அவரே, "ஒரு ஷார்ட்கட் கீ போட்டுடறேன்" என்றார்.

நீங்களே கை வைத்துப் பார்க்காத ஒன்றைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். உங்கள் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றே ஒன்றை

நாங்கள் கொண்டுவந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தமிழ் பில். பொருளின் பெயர் தமிழில் அச்சாகி வரும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். பில் அடிக்கும் சின்னத் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகள் உள்ளேயே பதிந்திருக்கும், தமிழ் இருக்காது. அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் அகலப் பேப்பரில் அச்சு விழுவது 72 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக ஒரு வரிக்குக் குறுக்கே 576 புள்ளி. அதற்குள் பெயர், எடை, விலை, தொகை நாலும் அடங்க வேண்டும்.

முதலில் எழுத்தின் உயரத்தை 20 புள்ளியாக வைத்துப் பார்த்தோம். 'வெண்ணெய்' என்று அடித்தால் ண-வின் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாக விழுந்தது. மூன்று சுழி ண-வா, இரண்டு சுழி ன-வா என்றே தெரியவில்லை. 24 புள்ளி ஆக்கியதும் சுழிகளுக்குள்ளே வெள்ளை தெரிந்தது. அதைச் செய்த தம்பி அந்தத் துண்டுப் பேப்பரைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுழிகளை விரல் நகத்தால் தொட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வெர்ஷனை எடுத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் ஓர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். கிண்டியிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். போகிற வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். போனதும் ஆரம்பித்தேன்: ரிப்போர்ட் புதுசு, ஸ்டாக் எச்சரிக்கை புதுசு, பேக்கப் தானாக எடுக்கும், தேடல் வேகம், திரை நிறம் மாற்றலாம், இரண்டு கல்லாவை இணைக்கலாம், அப்புறம் தமிழ் பில். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே பருப்பு மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து ஒரு பில் போட்டுக் காட்டியபோது பேப்பரைக் கையில் வாங்கி, முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். "கொத்தமல்லி நூறு கிராம்." கடைக்கு வந்திருந்த ஒரு பாட்டியிடம் நீட்டினார். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாக வாசித்து, "ரவை ரெண்டு தடவ போட்டிருக்கு பாருப்பா" என்றார். உண்மையிலேயே இரண்டு தடவை விழுந்திருந்தது.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்ல வேண்டியதானே?" என்றார் அண்ணாச்சி.

அன்றிலிருந்து ஒரு கடைக்கு ஒரு சேதிதான். எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வழி உண்டு. அந்தக் கடையின் கடைசி ஆறு மாத சப்போர்ட் அழைப்புகளைப் படித்துவிடுவேன். அவர் எதற்காகக் கோபப்பட்டாரோ, எதை இரண்டு முறை கேட்டாரோ, அதற்குப் பதில் இந்த வெர்ஷனில் இருந்தால் அது மட்டும் போதும். மருந்துக் கடைக்காரருக்குக் காலாவதித் தேதி, பாத்திரக் கடைக்காரருக்கு எடைக் கணக்கு. மீதியெல்லாம் ரிலீஸ் நோட்ஸில், அதாவது புது வெர்ஷனில் என்ன மாறியது என்று கடைக்கு எழுதித் தரும் குறிப்பில் இருக்கும், வேண்டும்போது கேட்பார்.

ரிலீஸ் நோட்ஸ் எழுதும்போது

'தேடல் மேம்படுத்தப்பட்டுள்ளது. பல பிழைகள் திருத்தப்பட்டுள்ளன.' இப்படி எழுதினால் யார் படிப்பார்கள்? நானே ஆரம்பத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். எந்தத் திரை, எந்த கீ, முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கும், அவர் ஏதாவது செய்ய வேண்டுமா என்பது அதில் வர வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தமிழில் பொருள் பெயரைத் தட்டித் தேடினால் சில கடைகளில் வரும், சில கடைகளில் வராது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. 'கொ' என்ற எழுத்தில் க-வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் இந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒரு கீபோர்டில் ஏற்றிய 'கொத்தமல்லி'யை இன்னொரு கீபோர்டில் தட்டித் தேடினால் 'பொருள் இல்லை' என்று வந்தது. கொள்ளு, கோதுமை, சோம்பு, மொச்சை எல்லாம் இதே கதி. தேடுவதற்கு முன்பு இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி செய்து சரிப்படுத்தினோம்.

டெவலப்பர் எழுதிக் கொடுத்த குறிப்பு: 'யூனிகோட் நார்மலைசேஷன் சேர்க்கப்பட்டது.' நான் எழுதியது: 'கொத்தமல்லி, கோதுமை, சோம்பு போன்ற பெயர்கள் தேடினால் சில நேரம் வராமல் இருந்தன. இப்போது எந்த கீபோர்டில் தட்டினாலும் வரும். அதே பொருளை நீங்கள் இரண்டாவது முறை ஏற்றி வைத்திருந்தால், பொருள் பட்டியலில் ஒன்றை நீக்கிவிடுங்கள்.' அந்தக் கடைசி வரிதான் முக்கியம். தேடினால் வரவில்லை என்பதால் பல கடைகளில் கொத்தமல்லியை இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள், ஸ்டாக் கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

இன்னொன்று. கெட்டதையும் எழுதுங்கள். படமாக அனுப்புவதால் தமிழ் பில் அச்சாக ஒரு நொடி கூடுதலாக ஆகும். அதை நோட்ஸின் மூன்றாவது வரியிலேயே போட்டோம். விற்பனைப் பிரிவில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நொடி என்று முன்பே தெரிந்த கடைக்காரர் காத்திருக்கிறார். தெரியாதவர் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று போன் செய்கிறார்.

எப்போது போவது

இதை மட்டும் பட்டியல் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மளிகைக் கடைக்கு மாதத்தின் முதல் பத்து நாள் போகக் கூடாது. சம்பளம் வந்து மாத சாமான் வாங்கும் நேரம் அது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கும், 20-ம் தேதி 3பி படிவத்துக்கும் கடைசி நாள். இரண்டுக்கும் முந்தைய இரண்டு நாளில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருக்கும், அப்போதும் வேண்டாம். மீதி இருப்பதில் நான் போவது 12 முதல் 17, அப்புறம் 21 முதல் 26 வரை. ஜவுளிக் கடைக்கு ஆடி மாதமும் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதமும் கிடையாது. நகைக் கடையாக இருந்தால் அட்சய திருதியைப் பக்கமே போகாதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை எச்சரிக்கை இருக்கிற நாளில் எந்தக் கடையிலும் அப்டேட் ஆரம்பிக்கக் கூடாது. பாதியில் கரண்ட் போனால் யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

நேரமும் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காதுதான், ஆனால் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். பல கடைகளில் அப்போது புதிதாக எதையும் தொட விட மாட்டார்கள். காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவர் கடை, அவர் நம்பிக்கை. அதை மதித்து நீங்களே நேரம் மாற்றிக் கேட்டால், உங்கள் மீது அவருக்கு ஒரு பிடிப்பு வரும்.

எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். நாங்கள் முதலில் ஐந்து கடை, ஒரு வாரம் கழித்து ஐம்பது, அப்புறம்தான் எல்லோருக்கும். அந்த ஐந்தில் ஒருவராவது குறை சொல்லத் தயங்காதவராக இருக்க வேண்டும். மாம்பலம் அண்ணாச்சி எப்போதும் அந்த ஐந்தில் உண்டு.

கல்லாவில்

போனதும் முதலில் பேக்கப் எடுங்கள். எடுத்ததை அவர் கண் முன்னால் ஒருமுறை திறந்து காட்டுங்கள். பழைய வெர்ஷனுக்கு எப்படித் திரும்புவது என்பதையும் அப்போதே செய்து காட்டிவிடுங்கள். "பிடிக்கலன்னா அஞ்சு நிமிஷத்துல பழசுக்கு மாத்திடலாம்ணே" என்று சொன்னால் அவர் தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. நாமே சரசரவென்று செய்து காட்டத்தான் ஆசை வரும். ஆனால் முதலாளியோ, பில் போடும் பெண்ணோ தன் விரலால் முதல் பில்லைப் போட வேண்டும். அவள் தடுமாறும் இடத்தில் பேசாமல் நில்லுங்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். நாள் முழுக்க அந்தத் திரையைப் பார்ப்பவள் அவள்தான். ஒருமுறை ஒரு மருந்துக் கடையில் பில் போடும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இந்த மஞ்சள் கலர் ராத்திரி கண்ணு எரியுது" என்றாள். அடுத்த வெர்ஷனில் மாற்றினோம். இது எந்த ஃபீட்பேக் ஃபார்மிலும் வந்திருக்காது.

என்னிடமிருந்து ஒரு தவறு

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியது. 22-ம் தேதி திங்கள்கிழமை முதல் அமல். பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. சோப், ஷாம்பு, டூத் பேஸ்ட் 18-லிருந்து 5. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு வரியே இல்லை. எங்களுக்குக் கையில் 18 நாள். வார விடுமுறை யாரும் எடுக்கவில்லை. ஞாயிறு இரவு பன்னிரண்டு மணிக்கு விகிதம் தானாக மாறும்படி செய்தோம், மாறியது. திங்கள் காலை ஒரு கடையில் முதல் ஷாம்பு பில்லில் 5 என்று விழுந்ததைப் பார்த்தபோது ஆபீஸே கைதட்டியது.

அந்த மகிழ்ச்சியில், ரிலீஸ் நோட்ஸில் நான் எழுதியிருந்த ஒரு வரி எனக்கு உறைக்கவில்லை: 'எல்லாம் தானாக மாறிவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.' செவ்வாய்க்கிழமை ஒரு கடையிலிருந்து போன். ஒருவர் 19-ம் தேதி வாங்கிய ஷாம்பு பாட்டிலைத் திருப்பித் தந்திருக்கிறார். அவர் கொடுத்தது 118 ரூபாய். எங்கள் மென்பொருள் புது விகிதத்தில் கணக்குப் போட்டு 105 ரூபாய் திருப்பித் தரச் சொன்னது. பழைய பில்லுக்குப் பழைய விகிதத்தில்தான் திருப்ப வேண்டும். அந்தத் திரை பழைய பில்லைப் பார்க்காமல் பொருளின் இன்றைய விகிதத்தை எடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று திட்டியிருக்கிறார், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது.

அன்று மாலைக்குள் திருத்தம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மென்பொருளில் தவறு வரும், அதைத் திருத்திவிடலாம். ஆனால் 'எல்லாம்' என்று எழுதியது நான். 'பொருள் திருப்பும் பில்லை இன்று ஒருமுறை சரிபாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ரிலீஸ் நோட்ஸில் 'எல்லாம்', 'எப்போதும்', 'எதுவும்' என்ற மூன்று வார்த்தைகள் வந்தால் இப்போது நிறுத்தி மறுபடி படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.

திரும்பி வந்து

கடையில் பார்த்ததை டெவலப்பர்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்த வேலையில் பாதி. குறைகளை மட்டும் கொண்டுவராதீர்கள். பாட்டி பில்லை வாசித்ததைச் சொன்னபோது சுழி எண்ணிய தம்பி ஒரு நிமிடம் பேசவில்லை. அந்த பில்லை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தெர்மல் பேப்பரில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால் அன்றே ஜெராக்ஸ் எடுத்து அவன் மேசையில் ஒட்டினேன். ரவை இரண்டு தடவை விழுந்திருப்பது அதிலும் தெரிகிறது.

யாராவது கேட்டதால் ஒன்றைச் செய்திருந்தால், ரிலீஸ் அன்று முதல் போன் அவருக்குப் போக வேண்டும். எடை மெஷினிலிருந்து எடை நேராக பில்லில் வந்து விழ வேண்டும் என்று அண்ணாச்சி ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வெர்ஷனில் அது வருகிறது. 23-ம் தேதி, புதன்கிழமை. புதனன்று ராகு காலம் ஒன்றரைக்கே முடிந்துவிடும். மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. அவர் கடையில் இருக்கும் எடை மெஷினின் மாடல் நம்பரை நாளைக்குக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், கேபிள் வேறாக இருந்தால் ரிச்சி தெருவுக்கு முன்னாலேயே போக வேண்டியிருக்கும்.